டெலிபோன் மணி அடித்தால் ஹென்றிக்கு வியர்க்கும்

அமெரிக்க வானொலியின் பொற்காலத்தில், பதின்ம வயதுக் காதல் படும் பாட்டைக் கேட்டுக் குடும்பம் குடும்பமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாரையும் காயப்படுத்தவில்லை.

"ஹென்றீ... ஹென்றி ஆல்ட்ரிச்!" என்று அம்மா நீட்டி முழக்கிக் கூப்பிடுவார். "இதோ வந்துட்டேம்மா!" என்று பதில் வரும். மீசை அரும்பும் வயதுக்கே உரிய குரல் அது. பாதி வார்த்தையில் உடைந்து, கீச்சென்று மேலேறி, தடுமாறிக் கீழே இறங்கும். அந்த இரண்டு குரல்கள் போதும், 'தி ஆல்ட்ரிச் ஃபேமிலி' தொடங்கிவிட்டது என்று அமெரிக்க வீடுகளில் தெரிந்துவிடும். இன்று ஹென்றி எந்தப் பெண்ணிடம், எந்த வம்பில் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று கேட்க எல்லோரும் வானொலிப் பெட்டியருகே வந்துவிடுவார்கள்.

ஹென்றியைப் படைத்தவர் கிளிஃபோர்ட் கோல்ட்ஸ்மித். 1938-ல் பிராட்வேயில் மேடையேறிய 'வாட் எ லைஃப்' நாடகத்தில்தான் அவன் முதலில் வந்தான். பாடகர் ரூடி வேலியின் வானொலி நிகழ்ச்சியில் சிறு காட்சிகளாக நுழைந்து, பிறகு பாடகி கேட் ஸ்மித்தின் நிகழ்ச்சிக்குப் போய், 1939 கோடையில் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி விடுப்பில் சென்ற நேரத்தில் தனித் தொடரானான். கோடைக்கு மட்டும் என்று வந்த தொடர் 1953 வரை ஓடியது. ஹென்றியாகப் பேசிய எஸ்ரா ஸ்டோனுக்குத் தொடர் தொடங்கியபோதே 21 வயது. அந்த உடைந்த குரல் இயற்கையாக வந்ததல்ல, ஒரு தேர்ந்த நடிகரின் வித்தை.

இந்த வகைத் தொடர்கள் அந்தக் காலத்தில் முளைத்ததற்குக் காரணம் உண்டு. முந்தைய தலைமுறையில், ஒரு பெண்ணைப் பார்க்க விரும்பும் இளைஞன் அவள் வீட்டுக்கே போய்க் கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவான். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே இருப்பார். 1920-களுக்குப் பிறகு சந்திப்பு சினிமா, நடனம், சோடாக் கடை என்று வெளியே நகர்ந்தது. பொருளாதார மந்தத்தில் வேலை கிடைக்காத பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே தங்கினார்கள். 1940 வாக்கில் அந்த வயதினரில் ஏறத்தாழ பாதிப் பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். ஒரே வயதுப் பையன்களும் பெண்களும் நாள் முழுக்க ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். குழந்தையுமில்லாத, பெரியவருமில்லாத ஒரு புதிய கூட்டம் உருவானது. அவர்களுக்கென்றே 1944-ல் 'செவன்டீன்' பத்திரிகை வந்தது.

இந்தப் புதிய டேட்டிங்குக்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. கூப்பிட வேண்டியவன் பையன். செலவும் அவனுடையது. சொன்ன நேரத்துக்குப் பெண்ணை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் கார் அப்பாவுடையது, பணம் அப்பா கொடுக்க வேண்டும், டெலிபோன் வீட்டுக்கே பொது. கையில் ஒன்றுமில்லாதவன்மேல் எல்லாப் பொறுப்பும் விழுந்தது. எழுத்தாளர்களுக்கு இது வற்றாத ஊற்று.

காதால் பார்த்த நாடகம்

வழக்கமான காட்சி ஒன்று இப்படி ஓடும். பையன் டெலிபோன் செய்கிறான். எடுப்பது அவள் அப்பா. தொண்டை வறண்டுபோகிறது, பெயரைச் சொல்ல மறந்து வானிலையைப் பற்றிப் பேசுகிறான். அவள் வருவதற்குள் இவன் தங்கை பக்கத்தில் வந்து நிற்கிறாள், அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார், அப்பாவுக்கு அவசரமாக டெலிபோன் வேண்டும். மூன்று பேருக்கும் மாறி மாறிப் பதில் சொல்லும் குழப்பத்தில் "சரி" என்ற ஒரு சொல்லை எதிர்முனைக்கும் சொல்லிவிடுகிறான். அவள் என்ன கேட்டாள் என்றே அவனுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது, அவன் பக்கப் பேச்சை மட்டும்தானே கேட்டோம். அந்த ஒரு "சரி"யால் சனிக்கிழமை நடனத்துக்கு இரண்டு பெண்கள் காத்திருப்பார்கள்.

இது வானொலிக்கே வாய்த்த வித்தை. முகம் சிவப்பதைக் காட்ட முடியாது, ஆனால் குரல் நடுங்குவதைக் கேட்க வைக்கலாம். ஒலிக் கலைஞர்கள் நிஜக் கதவுகளைச் சட்டத்தில் பொருத்தி ஸ்டூடியோவில் நிறுத்தியிருந்தார்கள்; மாடிப்படியில் இறங்கும் காலடி, டெலிபோன் டயல் சுழலும் ஓசை, கதவு அறையும் சத்தம் எல்லாம் ஒலிவாங்கிக்கு முன்னாலேயே பிறந்தன. அந்தக் காலத்தில் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. கிழக்குக் கரைக்கு ஒருமுறை, மேற்குக் கரைக்காகச் சில மணி நேரம் கழித்து மறுமுறை என்று ஒரே நாடகத்தை இருமுறை நடித்த தொடர்களும் உண்டு.

திட்டம் போடும் பெண்கள்

பையன் கூப்பிடட்டும் என்று டெலிபோன் பக்கத்தில் காத்திருப்பதுதான் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலை. வானொலிப் பெண்கள் அதை ஏற்கவில்லை. 1941-ல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் நிகழ்ச்சிக்கு வந்த கோடை இடைவெளியில் தொடங்கியது 'எ டேட் வித் ஜூடி'. எழுதியவர் அலீன் லெஸ்லி என்ற பெண்மணி. அவருடைய ஜூடி ஃபாஸ்டர் சூழ்ச்சி செய்வாள், கோபித்துக்கொள்வாள், காதலன் ஊகி பிரிங்கிளை ஒதுக்கிவிட்டு வேறொருவனைக் கனவு காண்பாள், கடைசியில் ஊகியிடமே வந்து சேர்வாள். 1943-ல் வந்த 'மீட் கார்லிஸ் ஆர்ச்சர்' தொடரில், எஃப். ஹியூ ஹெர்பெர்ட் படைத்த கார்லிஸும் அடுத்த வீட்டு டெக்ஸ்டரும் இப்படித்தான். பல ஆண்டுகள் கார்லிஸாகப் பேசிய ஜேனட் வால்டோதான் பின்னாளில் 'ஜெட்சன்ஸ்' கார்ட்டூனில் ஜூடி ஜெட்சனின் குரலானார்.

ஊகியாகப் பேசியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கிரென்னா. 1948-ல் தொடங்கிய 'அவர் மிஸ் புரூக்ஸ்' தொடரில் இவர்தான் வால்டர் டென்டன். பள்ளி முதல்வரின் மகள்மேலேயே ஆசைப்பட்டு, அந்த முதல்வரின் கண்ணில் படாமல் ஒளிந்து திரியும் மாணவன். பிற்காலத்தில் 'ராம்போ' படங்களில் கம்பீரமான கர்னலாக வந்தவரும் இதே கிரென்னாதான்.

இந்த நாடகங்களை இன்று கேட்கும்போது என்னை ஈர்ப்பது பெற்றோரின் நடத்தை. வழக்கறிஞரான சாம் ஆல்ட்ரிச்சுக்கு மகன்மேல் கோபம் வரும், சலிப்பு வரும்; ஆனால் ஒரு பெண்ணை விரும்பியதற்காக அவனை அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. 1949-ல் வந்த 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' தொடரில் ராபர்ட் யங் நடித்த ஜிம் ஆண்டர்சனும் மூத்த மகள் பெட்டியின் மனவருத்தங்களுக்கு நடுவே அல்லாடுவார். பல கதைகளில் பெரியவர்கள் அவசரப்பட்டு உதவப்போய்ச் சிக்கலை இரட்டிப்பாக்குவார்கள். தவறு செய்யும் உரிமை எல்லா வயதுக்கும் அங்கே பொது.

அந்த உலகத்தின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையர், நடுத்தர வகுப்பு, சொந்த வீடு, ஒரு கார் என்று அதன் வேலி குறுகலானது. அதே ஊரில் கறுப்பினப் பிள்ளைகளும் முதல்முறை காதலித்துத் திக்கித் திணறியிருப்பார்கள். அவர்களுக்கு வானொலியில் அப்படி ஓர் அரை மணி நேரம் கிடைக்கவில்லை. அந்த இழப்பு சிறியதல்ல.

ஆனாலும் அந்தத் தொடர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தன. பதினாறு வயதில் ஒரு பெண்ணின் முன் வார்த்தை குழறுவது, அந்த வயதுக்காரனுக்கு உலகமே இடிந்து விழுவதுதான். பெரியவர்களுக்கு அது அற்பம். வானொலி அந்த அற்பத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தது. போர்ச் செய்திகளைச் சொன்ன அதே பெட்டியில் ஹென்றியின் சனிக்கிழமை நடனத்துக்கும் இடம் இருந்தது. கேட்ட அப்பா தன் பதினாறு வயதை நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்த மகன், இப்படித் தவிப்பது தான் மட்டுமல்ல என்று தெரிந்துகொண்டான்.

இன்று ஒரு பிள்ளையின் அசடு வழிந்த நிமிஷம் வீடியோவாகிப் பள்ளி முழுக்கச் சுற்றுகிறது. சிரிப்பவர்களில் அவன் பக்கம் நிற்பவர் யாருமில்லை. ஹென்றியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அவன் பக்கம்தான் நின்றார்கள். ஒவ்வொரு வாரமும் அவன் அவமானப்பட்டான், ஒவ்வொரு வாரமும் வீடு அவனைச் சேர்த்துக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் தரவேண்டியதும் அந்தச் சிரிப்பைத்தான்.