இரண்டில் ஒன்றை நீக்கு!

2010 நவம்பர் 3. சீனாவில் கோடிக்கணக்கானோர் அரட்டையடிக்கப் பயன்படுத்திய கியூகியூ மென்பொருளின் உரிமையாளரான டென்சென்ட் நிறுவனம் திடீரென்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது: போட்டி நிறுவனமான சீஹூவின் '360' பாதுகாப்பு மென்பொருள் உள்ள கணினியில் இனி கியூகியூ இயங்காது. ஏதாவது ஒன்றை நீக்கியே ஆக வேண்டும்!

அதற்கு முன், கியூகியூ தன் பயனாளர்களின் கோப்புகளை வேவு பார்ப்பதாக சீஹூ குற்றம் சாட்டியிருந்தது; கியூகியூவின் விளம்பரங்களை முடக்கும் கருவியையும் வெளியிட்டிருந்தது. மோதல் அங்கிருந்துதான் முற்றியது. நிறுவனங்களின் சண்டையில் நண்பர்களோடும் உறவினர்களோடும் பேசிக்கொண்டிருந்த மக்களைப் பணயம் வைத்தது பெரும் அநியாயம். அரசு தலையிட்ட பிறகே இரண்டு மென்பொருள்களும் மீண்டும் ஒரே கணினியில் இயங்கின. விளம்பரங்களை முடக்கிய கருவிக்கு எதிராக டென்சென்ட் தொடுத்த வழக்கு சீன உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-இல், டென்சென்டுக்கு சீஹூ 50 லட்சம் யுவான் இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பு உறுதியானது.