முழு மூச்சு என்றால் என்ன?

எங்கள் ஊர் கல்லாறு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆறு முழுவதும் கல். உருண்டைக் கல், வழுக்குக் கல், யானை படுத்ததுபோல் பாறை. இங்கிருந்து மேலே போகும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி பொன்முடியில் நடந்தது.

என் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். தோட்ட வேலை செய்பவர். அவருடைய மகளுக்கு 14 வயது. நன்றாக ஓடுவாள். விளையாட்டுப் பள்ளியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. "எதைச் செய்தாலும் முழு மூச்சாகச் செய்" என்று அவளிடம் சொன்னது நான்தான்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மறுநாள் விடியற்காலையில் ஆற்றுக்குப் போனாள். பெரிய உருண்டைக் கல்லைத் தூக்கினாள். பிறகு மேட்டுச் சாலையில் மூச்சு முட்ட ஓடினாள். ஐந்து நாள் இப்படியே செய்தாள். ஆறாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அக்கா வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"முழு மூச்சாச் செய்னு சொன்னீங்க டீச்சர். அவளும் செஞ்சா. இப்ப பாயை விட்டு எழும்ப முடியல. இதுக்கு என்ன சொல்றீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டேன். புத்தகமும் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தசை எப்போது வலுவாகிறது? கல்லைத் தூக்கும்போதா? இல்லை. தூக்கும்போது தசை களைத்துப் போகிறது. தசை நார்களில் மிகச் சிறிய சேதம்கூட ஏற்படும். நாம் சாப்பிட்டுத் தூங்கும்போது உடம்பு அதைச் சரி செய்கிறது. முன்பைவிடச் சற்றுக் கூடுதல் வலுவோடு கட்டுகிறது. மண்சுவர் வைத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஓர் அடுக்கு மண் வைத்தால் அதைக் காயவிட வேண்டும். பிறகுதான் அடுத்த அடுக்கு. ஈரத்தின் மேல் ஈரத்தை ஏற்றினால் சுவர் சரிந்துவிடும்.

அதனால் ஒருநாள் பளு வேலை செய்தால், மறுநாள் அந்தத் தசைக்கு ஓய்வு வேண்டும். செய்கிற நாளில் ஏமாற்றக் கூடாது. பத்து முறை தூக்கினால் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் முதுகு வளைந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குனிந்து முதுகால் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, காலின் பலத்தால் எழ வேண்டும். விறகுக் கட்டு தூக்கும்போதும் இதேதான்.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் உண்டு. வழுவழுப்பான உருண்டைக் கல். பிடிப்பதற்கு இடமே இருக்காது. அதை முதலில் தரையிலிருந்து பெயர்க்க வேண்டும். பிறகு தொடைக்கு, மார்புக்கு, தோளுக்கு என்று ஏற்ற வேண்டும். கடைசியில் தோளுக்குப் பின்னால் போட வேண்டும். பொங்கலன்று வேடிக்கை பார்ப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. முன்னால் பழகிய நாட்களை யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்னொரு செய்தி. நம் கேரளத்தின் பி.டி.உஷாவை உங்களுக்குத் தெரியும். கோழிக்கோடு மாவட்டம் பய்யோலியைச் சேர்ந்தவர். அவருடைய பயிற்சியாளர் ஓ.எம்.நம்பியார். கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர் உஷா. மணலில் கால் புதையும். புதைந்த காலை எடுத்து எடுத்து ஓடினால் காலுக்கு வலு வரும்.

1984-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. வழியில் 10 தடைகள் இருக்கும். தாண்டித் தாண்டி ஓட வேண்டும். மூன்றாவதாக வந்தவர் 55.41 விநாடியில் ஓடினார். உஷா ஓடியது 55.42 விநாடியில். ஒரு விநாடியை 100 பங்காக்கினால் அதில் ஒரே ஒரு பங்கு. அந்த ஒரு பங்கில் வெண்கலப் பதக்கம் போய்விட்டது.

உஷா பின்னாளில் ஒன்று சொன்னார். அங்கே அவருக்குப் பழகிய சாப்பாடு கிடைக்கவில்லை. கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடினாராம். கடைசி 35 மீட்டரில் உடம்பில் சக்தி இல்லாமல் போயிற்று என்றார். உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. தட்டில்தான் குறை. இரண்டு ஆண்டு கழித்து, 1986-இல் சியோல் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

இதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எம்பொண்ணு கட்டன் சாயா மட்டும் குடிச்சிட்டுத்தான் ஓடப் போவா, டீச்சர்."

தசையைக் கட்டுவதற்குப் புரதச் சத்து வேண்டும். பயறு, கடலை, முட்டை, மீன், பால் இவற்றில் அது இருக்கிறது. விலை அதிகம் என்பீர்கள். பயறு நம்மால் வாங்க முடிந்ததுதான். முளைகட்டிய பயறு ஒரு கை, ஒரு பழம், சோறு. ஓடும் பிள்ளைக்கு வெறும் சாயா போதாது.

டாக்டர் சொன்னபடி அவள் ஓய்வு எடுத்தாள். இடுப்பு சரியானது. இப்போது ஆற்றுக்குப் போவதில்லை. மலையில் மழை பெய்தால் இங்கே திடீரென்று தண்ணீர் ஏறும். அதுவும் ஒரு காரணம். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எழுகிறாள். சிறிய கல்லைத் தூக்குகிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேட்டில் ஓடுகிறாள்.

அக்கா இதற்கென்று ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார். தேதி, எத்தனை முறை, என்ன சாப்பிட்டாள் எல்லாம் தன் கையால் எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை மகள் ஓடக் கிளம்பினாளாம். அக்கா நோட்டைத் திறந்து நீட்டினாராம்.

"இன்னிக்கு ஓய்வுன்னு எழுதியிருக்கு. வாசிச்சுப் பாரு."

"ஓயவுன்னு எழுதியிருக்கே அம்மா, புள்ளி வைக்கலையே" என்றாளாம் அவள்.

அக்கா புள்ளி வைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.