கெர்னலில் முகவரி மாற்றம்: பழைய செயற்கூறுகளும் புதிய செயற்கூறும்

கணிப்பொறியின் நினைவகத்தைப் பல நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றின் பகுதியில் மற்றொன்று புகாவண்ணம் காக்கும் பொறுப்பு, இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னலைச் சார்ந்ததாகும். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று பெரிய கணிப்பொறிகளிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குகிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்திற்கும் அதுவே அடிப்படை.

இக்கெர்னலில் நெடுங்காலமாக வழங்கிவந்த ‘கே-மேப்’, ‘கே-மேப்-அட்டாமிக்’ என்னும் இரு செயற்கூறுகள் கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கு ஈடாக வந்துள்ளது ‘கே-மேப்-லோக்கல்-பேஜ்’. பெயரை மட்டும் மாற்றினாற் போதும் என்று தோன்றக்கூடிய வேலை இது. உண்மையில், அவ்வாறு மாற்றினால் சேமித்த விவரங்களே சிதைந்துபோகும் அபாயம் உண்டு.

முகவரிப் பற்றாக்குறை

32 பிட் கணிப்பொறியில் ஒரு நிரல் குறிப்பிடக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிகாபைட் அளவே. எக்ஸ்-86 வகைக் கணிப்பொறிகளில், வழக்கமான ஏற்பாட்டின்படி, இதில் 3 ஜிகாபைட் பயனரின் நிரல்களுக்கும் 1 ஜிகாபைட் கெர்னலுக்கும் ஒதுக்கப்படும். கெர்னலின் பங்கிலும் ஏறத்தாழ 896 மெகாபைட் நினைவகத்திற்கே நிலையான முகவரி கிடைக்கிறது. அதற்கு மேற்பட்டது ‘உயர் நினைவகம்’ எனப்படும். 2 ஜிகாபைட் நினைவகம் பொருத்தியிருப்பினும் பாதிக்கு மேல் கெர்னலின் கைக்கு நேரே எட்டுவதில்லை.

நூல் நிலையம் ஒன்றின் கிடங்கில் நூல்கள் ஏராளம். படிக்கும் மேசைகளோ சில. வேண்டிய நூலை மேசைக்குக் கொணர்ந்து, படித்தபின் திருப்பிவைத்தல் வேண்டும். உயர் நினைவகத்தின் நிலையும் இதுவே. 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்திற்குத் தற்காலிக முகவரி தந்து, வேலை முடிந்ததும் அம்முகவரியைத் திரும்பப் பெறுவதே மேற்கூறிய செயற்கூறுகளின் பணி.

பழைய முறைகளின் குறைபாடுகள்

‘கே-மேப்’ தரும் முகவரிகள் எல்லோருக்கும் பொதுவான மேசைகளைப் போன்றவை. எக்ஸ்-86 ஏற்பாட்டில் இவை 1,024 அல்லது 512 மட்டுமே. எல்லாம் நிரம்பிவிட்டால், கேட்ட பணி காத்துக் கிடக்க வேண்டும். பல பணிகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருப்பின், ஒருவரும் விடமாட்டார். வேலை முற்றிலும் நின்றுவிடும். மேலும், இடங்கள் ஒரு சுற்று முடிந்ததும், பழைய முகவரிக் குறிப்புகளை அழிக்குமாறு எல்லாப் பிராசஸர்களுக்கும் கட்டளை செல்ல வேண்டும். பிராசஸர்கள் பெருகப் பெருக இச்செலவும் பெருகும்.

‘கே-மேப்-அட்டாமிக்’ ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி இடங்களைத் தந்தமையால் விரைவாயிருந்தது. ஆயினும் முகவரியைத் திருப்பித் தரும்வரை அப்பணி வேறு பணிக்கு இடம்விட்டு ஒதுங்கவும் இயலாது; வட்டிலிருந்து பக்கத்தை வருவிக்கவும் இயலாது. முகவரிப் பஞ்சமே இல்லாத 64 பிட் கணிப்பொறிகளிலும் பயனின்றி இக்கட்டுப்பாடுகள் தொடர்ந்தன.

புதிய செயற்கூறு

தாமஸ் கிளைக்ஸ்னர் வகுத்த புதிய முறை, 2021 பிப்ரவரியில் வெளிவந்த 5.11-ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இதில் முகவரி, அதைக் கேட்ட பணிக்கே உரியது. அப்பணி ஒதுங்கும்போது கெர்னல் அதன் முகவரிகளை விலக்கிவைத்து, அது மீண்டும் வரும்போது முன்போலவே அமைத்துக் கொடுக்கிறது. 64 பிட் கணிப்பொறியிலோ, முன்னரே உள்ள நிலையான முகவரியை எடுத்துத் தருவதோடு வேலை முடிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைப் பெற்றால், அடுக்கிய பாத்திரங்களை எடுப்பதுபோல், கடைசியாகப் பெற்றதை முதலில் திருப்ப வேண்டும் என்பது ஒரு விதி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, பழைய ‘கே-மேப்’ முகவரியைத் திருப்பப் பக்கத்தைக் குறிப்பிட வேண்டும். புதிய முறையில் முகவரியையே குறிப்பிட வேண்டும். இதில் தவறினால், நிரலைத் தொகுக்கும்போதே பிழை வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, ‘கே-மேப்-அட்டாமிக்’ விதித்த கட்டுப்பாடுகளைச் சில நிரல்கள் தமக்குப் பாதுகாப்பாகக் கொண்டிருந்தன. அத்தகைய இடங்களில் அப்பாதுகாப்பை வெளிப்படையாக எழுதிச் சேர்த்தல் அவசியம்.

மூன்றாவதே மிக்க ஆபத்தானது. ‘கே-மேப்’ முகவரி பொதுவானதாகலின், ஒரு பணி பெற்றதை மற்றொரு பணி உபயோகிக்கலாம். புதிய முகவரியை அவ்வாறு கைமாற்றலாகாது. கைமாற்றினால், அம்முகவரியில் அப்போது வேறொரு பக்கம் இருக்கக்கூடும். அதன்மேல் எழுதினால் பிறருடைய விவரங்கள் அழியும். இத்தவறு 64 பிட் கணிப்பொறியில் தலைகாட்டுவதே இல்லை. அங்கு முகவரி நிலையானதாகையால் சோதனைகள் யாவும் வெற்றிபெறும். உயர் நினைவகமுள்ள 32 பிட் கருவியிலேதான் கேடு விளையும். இதனாலேயே மாற்றம் செய்தோர் சிலர், 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட 32 பிட் மெய்நிகர் கணிப்பொறிகளை அமைத்துச் சோதித்தனர்.

பழைய 32 பிட் கருவிகளைப் பராமரிக்கும் களப் பணியாளர்கள், அவற்றிற்கெனத் தனியே எழுதப்பட்ட டிரைவர் நிரல்களைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மாற்றும்போது, ஒவ்வொரு முகவரியும் எங்கே பெறப்பட்டு எங்கே திருப்பப்படுகிறது என்பதைப் படித்தறிந்தபின்னரே கைவைத்தல் வேண்டும். சோதனையையும் அதே வகைக் கருவியில் நடத்துதல் நலம். நிரலியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஓரிடத்தில் பெற்ற வெற்றி எல்லா இடத்திற்கும் சான்றாகாது என்பதை மாணவர்க்கு விளக்க இதனை உதாரணமாகக் கொள்ளலாம்.