மணலுக்கு அடியில் ஒரு கழுவெளி

கடல்மீன் தொட்டியில் மணல் எதற்கு? வெறும் அழகுக்கா?

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். மேல்மணல் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் சேர்ந்தால் பாசி மண்டும், பவளம் வாடும்.

எப்படிக் குறைப்பது? நுண்மணலை 10 சென்டிமீட்டருக்கு மேல் பரப்பினால் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பக்கம் போனால் இதன் பெரிய வடிவம் உண்டு: விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமான உவர்நீர்ச் சதுப்பு. இத்தகைய சேற்றைக் கிளறினால் மேலே பழுப்பு, கீழே கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அடையாளம் அது.

தொட்டியிலும் அடிமணலைக் கிளறாதீர்கள். அந்த நாற்ற வாயு மீனைக் கொல்லும்.