நாயும் நடுவீடும்: ஜிந்துப்பிட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தையே காட்டும் என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நாயின் வாலை நிமிர்த்த முடியாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நாயைப் பற்றிப் பேசுவனபோலத் தோன்றினும், நடைமுறையில் மனிதரைக் குறித்தே பெரிதும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. பிறப்பினால் தாழ்ந்தவன் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த ஒருவன் கல்வியோ பதவியோ பெற்று முன்னுக்கு வரும்போது, அவனைப் பழைய இடத்துக்கே தள்ளுவதற்கு இவை கருவியாயின. இயல்பு மாறாது, பயிற்சி பயனற்றது என்பதே இவற்றின் உட்கிடை. மனிதரைப் பொறுத்தவரை இக்கருத்தின் பொய்ம்மை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. நாயைப் பொறுத்தவரையிலும் அது பொய்யே என்பதையும், வீட்டில் நாய்க்குட்டியைப் பழக்குதல் என்னும் சிறு செயல் உண்மையில் ஒரு கூட்டுவாழ்க்கைப் பிரச்சினை என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் நாய் பெற்றுள்ள இடம் ஒரே தன்மையதன்று. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் குருளை என வகுத்து, அதனைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு ஒருங்கு வைக்கிறது. சங்க நூல்களில் ஞமலி, ஞாளி முதலிய பெயர்களாற் சுட்டப்படும் நாய் வேட்டுவனின் துணையாகக் காட்சியளிக்கிறது. நாலடியார், யானை போன்றவரின் நட்பை விடுத்து நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. ஆயின் பக்தி இலக்கியத்தில் அடியவன் தன் தாழ்மையைப் புலப்படுத்த நாயேன் என்று தன்னைக் கூறிக்கொள்கிறான். உதவும் விலங்காகப் போற்றப்பட்டதே உவமையில் இழிவின் குறியுமாயிற்று. போற்றப்பட்டபோதும் நாய் பெரும்பாலும் முற்றத்துக்கும் வாசலுக்கும் உரியதாகவே இருந்தது. பரந்த வெளி இருந்தவரை, அது எங்கே மலசலம் கழிப்பது என்பது எவருக்கும் ஒரு வினாவாக எழவில்லை. முற்றமில்லாத வீட்டிலேதான் அவ்வினா எழுகிறது.

முற்றமில்லாத வீடு

ஜிந்துப்பிட்டி அத்தகைய வீடுகள் நிறைந்த பகுதி. கொழும்பு 13இல், செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அண்மையில், துறைமுகத்தின் உழைப்பையும் வணிகத்தையும் சார்ந்து வளர்ந்த இடம் இது. பெருந்தெருவிலிருந்து முடுக்குகள் பிரிகின்றன. முடுக்குகளின் உள்ளே வரிசை வீடுகள் நெருங்கி நிற்கின்றன. தொழிலாளர் குடியிருந்த இவ்வகை வரிசைகளைக் கொழும்பு மக்கள் தோட்டம் என்று அழைப்பர். பங்களாக்களும் புற்றரைகளும் கொண்ட கறுவாத்தோட்டமும் தோட்டம். ஒரு குழாயடியையும் ஒரு மலசலகூட வரிசையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட இவ்விடமும் தோட்டம். ஒரே சொல் இரு வர்க்கங்களின் வாழ்விடத்தைக் குறிப்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டங்களின் பொது வசதிகளைப் பேணுவதற்கென 1973ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் ஒன்றே இயற்றப்பட வேண்டியிருந்தது.

நாய் வளர்ப்புப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த கைந்நூல்கள் பெரும்பாலும் கறுவாத்தோட்டத்தையே மனத்திற்கொண்டவை. குட்டியைப் பின்கதவால் புற்றரைக்கு அழைத்துச் செல்க என்பதே அவற்றின் முதல் அறிவுரை. பின்கதவும் புற்றரையும் இல்லாதவர் என்செய்வது என்பதற்கு அவற்றில் விடை அரிது. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் வாழ்வோருக்கும் வேறொரு வடிவில் இதே இடர்ப்பாடு உண்டு. அங்கே முடுக்குக்குப் பதிலாகப் படிக்கட்டும் மின்தூக்கியும் பொதுவாக உள்ளன. இவ்விரு இடங்களுக்கும் பொருந்தும் ஒரு முறையை வகுக்கவேண்டுமாயின், முதலில் குட்டியின் உடலியல்பை அறிதல் வேண்டும்.

குட்டியின் உடலும் பழக்கமும்

பிறந்த குட்டி தானாக மலசலம் கழிக்க இயலாதது. தாய் நாவினால் நக்கித் தூண்டும்போதே அது நிகழ்கிறது. கழிவைத் தாயே உட்கொண்டு படுக்கையைத் தூய்மையாக வைத்திருக்கும். ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில், நடக்கத் தொடங்கியதும், குட்டி தான் படுக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிக்க முற்படுகிறது. உறங்கும் இடத்தை அசுத்தப்படுத்தாதிருத்தல் என்பது அதற்கு எவரும் கற்பிக்காத இயல்பு. பழமொழி நாயிடம் இல்லை எனக் கூறும் தூய்மையுணர்வின் வித்து அதனிடம் பிறப்பிலேயே உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் மாதமளவில் குட்டி குறித்த ஒரு தரையை விரும்பத் தொடங்குகிறது. மணலிற் பழகியது மணலையும், தாளிற் பழகியது தாளையும், சீமெந்துத் தரையிற் பழகியது சீமெந்தையும் நாடும். அவ்வயதில் அது இரண்டு மூன்று மணிநேரத்துக்கு மேல் அடக்கிவைக்க வல்லதன்று. உறங்கி எழுந்தவுடனும், உண்டபின் கால் மணி முதல் அரை மணி நேரத்துள்ளும், விளையாடி முடிந்ததும் அதற்கு வெளிக்குச் செல்லும் தேவை ஏற்படுகிறது. தரையை முகர்ந்து சுற்றிச் சுற்றி வருதல் அதன் அறிகுறியாகும்.

கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் நோக்குதல் தகும். சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷிய உடலியலறிஞர் பாவ்லோவ், உணவோடு தொடர்ந்து இணைத்துக் காட்டப்பட்ட ஓர் அடையாளம் தனியே வரினும் நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என நிறுவினார். அமெரிக்க உளவியலாளர் தோண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வு, இன்பம் தரும் விளைவையுடைய செயல் மீண்டும் செய்யப்படும் என்ற முடிவுக்கு வழிவகுத்தது. ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி மனிதரோடும் பிற நாய்களோடும் உறவுகொள்ளக் கற்கும் முக்கிய பருவம் எனக் காட்டியது. பயிற்சியே பயனற்றது என்ற கூற்றுக்கு இவ்வாய்வுகளில் இடமில்லை.

தண்டனையின் பயனின்மை

வீட்டில் அசுத்தம் செய்த குட்டியின் மூக்கை அதில் தேய்த்து அடிப்பது எங்கும் காணப்படும் வழக்கம். இது கொடுமை என்பதோடு அறிவுக்குப் பொருந்தாததுமாகும். விளைவு செயலை உடனடியாகத் தொடரும்போதே குட்டி இரண்டையும் தொடர்புபடுத்துகிறது. சில நிமிடங்கள் கழிந்தபின் விழும் அடியை அது தன் செயலோடு இணைப்பதில்லை. அடிக்கும் மனிதரோடு இணைக்கிறது. விளைவாக அது மனிதர் முன்னிலையில் கழிக்க அஞ்சிக் கட்டிலின் கீழும் பெட்டிகளின் பின்னும் ஒளிந்து கழிக்கப் பழகுகிறது. அடித்தவர் அதனைக் கள்ளக்குணம் என்பர். அக்குணத்தைக் கற்பித்தவர் அவரே.

குற்றம் செய்ததை நாய் அறியும், அதன் முகமே காட்டிக்கொடுக்கும் என வாதிடுவோர் உளர். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்தைப் பரிசோதித்தது. விலக்கப்பட்ட உணவை உண்ட நாயும் உண்ணாத நாயும், உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே குற்றமுகத்தைக் காட்டின. குற்றமற்ற நாய் கடியப்பட்டபோது அம்முகம் மேலும் தெளிவாகத் தோன்றியது. நாம் குற்றவுணர்வு என வாசிப்பது சினந்தவர் முன் தோன்றும் அச்சமே. அதிகாரமுடையோர் அஞ்சியவரின் முகத்தில் குற்றத்தைக் காண்பது நாயோடு நின்றுவிடும் வழக்கமன்று.

தோட்டத்துக்கு ஏற்ற முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், முற்றமில்லாத வீட்டில் பின்பற்றத்தக்க முறை பின்வருமாறு அமையும். முதலாவதாக, உணவு குறித்த வேளைகளில் மட்டும் வழங்கப்படல் வேண்டும். கண்ட வேளையில் எறியப்படும் சோறு கண்ட வேளையில் வெளிவரும். இரண்டாவதாக, ஓர் இடத்தை நிலையாகத் தெரிவுசெய்தல் வேண்டும். தாழ்ந்த விளிம்புள்ள ஒரு பெட்டியில் மணலிட்டோ பழைய பத்திரிகைத் தாள்களை விரித்தோ, படுக்கைக்கும் உணவுக்கும் தொலைவிலுள்ள மூலையில் வைக்கலாம். எழுந்ததும், உண்டபின்னும், விளையாடியபின்னும் குட்டியை அங்கே கொண்டுசென்று பொறுமையாக நிற்றல் வேண்டும். கழித்து முடித்த அக்கணமே ஒரு சிறு துண்டு உணவும் அன்பான ஒரு சொல்லும் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைக் கூறின், நாளடைவில் அச்சொல்லே அழைப்பாகிவிடும்.

மூன்றாவதாக, கண்பார்வைக்கு அப்பால் குட்டியை உலவவிடாதிருத்தல் வேண்டும். தவறு செய்ய வாய்ப்பில்லாதபடி பார்ப்பது, செய்தபின் திருத்துவதினும் எளிது. நான்காவதாக, தவறு நிகழ்ந்த இடத்தைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவவேண்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் சிறுநீரின் மணத்தை ஒத்திருத்தலால் குட்டியை அவ்விடத்துக்கே மீண்டும் அழைக்கக்கூடும். பின்னர் வெளியே பழக்க விரும்புவோர் தாளை நாள்தோறும் சிறிது சிறிதாக வாசலை நோக்கி நகர்த்தலாம்.

இம்முறை அனைத்தும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தே வெற்றிபெறும். குட்டியோடு பழகும் எல்லோரும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றவேண்டும். பங்களாவில் அது ஒரு குடும்பத்தின் உடன்பாடு. தோட்டத்திலோ குட்டி ஒரு வீட்டில் உறங்கி, அடுத்த வீட்டில் உண்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும். ஒருவர் கொஞ்சும் செயலுக்கு மற்றொருவர் அடித்தால் அது எதனையும் கற்காது. ஆகவே இங்கு பயிற்றுநர் தனியொருவரல்லர். முடுக்கு முழுவதுமே பயிற்றுநர். வேளை, இடம், சொல் ஆகிய மூன்றிலும் அயலவர் உடன்படுவதே பயிற்சியின் முதற்படியாகும். வேலைக்குச் செல்வோர் பலராயினும் எவரேனும் ஒருவர் வீட்டில் இருப்பது தோட்ட வாழ்வின் ஒரு வாய்ப்பு. தனித்தொதுங்கிய பங்களாவுக்கு இல்லாத இவ்வாய்ப்பு, உடன்பாடு உண்டாயின் பெரும்பலமாகும்.

கழிவை அகற்றுபவர் யார்

வீட்டினுள் அசுத்தம் செய்யாத நாய் பொதுக் கானோரத்தில் அதனைச் செய்யுமாயின் பயிற்சி நிறைவெய்தியதாகாது. நாயின் மலத்தில் வெளிவரும் வட்டப்புழு முட்டைகள் வெளிவந்த நாளிலே தொற்றுவதில்லை. மண்ணிற் கிடந்து சில வாரங்கள் முதிர்ந்த பின்னரே தொற்றும் ஆற்றல் பெறுகின்றன. கொழுக்கிப்புழுவின் முட்டை பொரித்து, ஈரமண்ணில் ஒரு வாரமளவில், வெறுங்காலின் தோலைத் துளைக்கவல்ல குடம்பியாகிறது. நாய், பூனை ஆகியவற்றிலிருந்து மனிதரையும் பற்றும் ஒருவகைக் கொழுக்கிப்புழு இலங்கையின் பெயரையே தாங்கியுள்ளது. இங்கிருந்து பெறப்பட்ட மரநாய் ஒன்றில் கண்டு லூஸ் என்பவர் 1911இல் விவரித்த அப்புழுவின் பெயர் அங்கிலொஸ்தோமா சிலானிக்கம். அன்றன்றைய கழிவை அன்றன்றே அகற்றி மலசலகூடத்திலோ மூடிய கலத்திலோ இட்டால் இவ்வாழ்க்கை வட்டம் அறுபடும். முடுக்கிலே வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்கு இதனினும் மலிவான பாதுகாப்பு வேறில்லை.

இவ்விடத்தில் உழைப்புப் பற்றிய வினாவும் எழுகிறது. கொழும்பின் தெருக்களையும் கான்களையும் துப்புரவு செய்யும் பணிக்கெனப் பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரான தமிழர் கொண்டுவரப்பட்டனர். அவ்வுழைப்பின்மீதே நகரின் தூய்மை கட்டியெழுப்பப்பட்டது. அவ்வுழைப்பாளரையே சமூகம் அசுத்தர் என ஒதுக்கியது. தன் நாயின் கழிவைத் தெருவிலே விட்டுச் செல்பவர், அதனை வேறொருவர் அள்ளுவர் என்ற பழைய ஏற்பாட்டையே தொடர்கிறார். நாய் பழகிவிட்டது, அவர் இன்னும் பழகவில்லை.

கொல்லுதலும் பழக்குதலும்

பழக்குதலுக்கு மாற்றாக அரசு நெடுங்காலம் கைக்கொண்டது கொல்லுதலே. 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிக்க அதிகாரமளித்தது. 1901ஆம் ஆண்டின் சட்டம் நாய்களைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மாண்டனர். 1975இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாக இடப்பட்டபின் இத்தொகை படிப்படியாக வீழ்ந்தது. அண்மை ஆண்டுகளில் அது முப்பதையொட்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்துவருகிறது. நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி இடப்படின் நோய்ப் பரவல் தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கொல்லப்பட்ட நாயின் இடத்தைத் தடுப்பூசி பெறாத புதிய நாய் நிரப்பும். தடுப்பூசி பெற்ற நாயோ அவ்விடத்தில் நோய்க்குத் தடையாக நிற்கும். 2006இல் நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை ஏற்கப்பட்டது. 2007 முதல் கொழும்பு மாநகரசபையும் புளூ போ ட்ரஸ்ட் அமைப்பும் இணைந்து தடுப்பூசி, கருத்தடை, மக்கட் கல்வி ஆகியவற்றை ஒருங்கே முன்னெடுத்தன.

தடுப்பூசி இடுவதற்கு நாயைப் பிடித்து நிறுத்த ஒருவர் வேண்டும். மனித கைக்குப் பழகாத நாயிடம் எவரும் நெருங்கார். நெருங்கினாற் கடியும் கிடைக்கும். நோய் ஐயத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறக்குறைய 40 வீதத்தினர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். எனவே முடுக்கிலே ஒரு குட்டியைத் தொட்டு, அழைத்து, அஞ்சாது நிற்கப் பழக்கும் செயல், அதன் வீட்டொழுங்கோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் இடப்படும் ஊசிக்கு அது வழிசெய்கிறது. பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து, நாயின் குணம் என நாம் கூறுவதிற் பெரும்பகுதி அதற்குக் கிடைத்த இடம், வேளை, நடத்தை ஆகியவற்றின் விளைவே என்பது தெளிவாகும். நடுவீட்டில் வைக்கப்பட்ட நாய் மாறவில்லையெனின், அதனைக் குளிப்பாட்டியவர் குளிப்பாட்டுதலோடு நின்றுவிட்டார் என்பதே பொருள். ஜிந்துப்பிட்டி போன்ற இடங்களில் இதற்குத் தேவையானவை ஒரு பெட்டி மணலும், நாளுக்குச் சில நிமிடப் பொறுமையும், அயலவரின் உடன்பாடும் மட்டுமே. முதலிரண்டும் எவருக்கும் எட்டுவன. மூன்றாவதை உண்டாக்கிக்கொள்ளும் முடுக்கு, நாயைப் பழக்கும் அளவில் நின்றுவிடாது. குழாயடியையும் கானையும் பற்றிய தன் நெடுநாட் பிணக்குகளையும் அதே உடன்பாட்டாலே தீர்த்துக்கொள்ளக் கற்றுவிடும்.