எலிக்கு திரும்பிய ஞாபகம் மனிதனுக்கு திரும்பாதது ஏன்? அல்சைமர் ஆராய்ச்சியில் நடப்பது என்ன?

"ஞாபக மறதி நோய்க்கு மருந்து ரெடி, எலிகளுக்கு குணமாச்சு" என்று அடிக்கடி செய்தி வருகிறது. வீட்டில் அல்சைமர் நோயால் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் இருக்கும் அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ அந்த மருந்து எப்போ கிடைக்கும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் எலிக்கு பலித்த மருந்துகளில் பெரும்பாலானவை மனிதனுக்கு பலிக்கவில்லை. காரணம் என்ன?

முதல் நோயாளி

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1901-ம் ஆண்டு 51 வயது பெண் ஒருவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன் பெயரை எழுதச் சொன்னால்கூட பாதியில் மறந்துபோனார். 1906-ம் ஆண்டு அவர் இறந்ததும், டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவரது மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கிக் கிடந்தது. நரம்பு செல்கள் ஏராளமாக செத்துப்போயிருந்தன.

செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஒரு படிவு. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கியது போல ஒரு முடிச்சு. வெளியே இருக்கும் படிவு அமிலாய்டு என்ற புரதம், உள்ளே இருக்கும் சிக்கல் டவ் என்ற புரதம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

எலிக்கு எப்படி வந்தது?

ஆய்வுக்கூட எலியின் ஆயுள் 2, 3 வருடம்தான். அதற்கு அல்சைமர் தானாக வருவதே கிடையாது. அதனால் விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தனர். சில குடும்பங்களில் 40, 50 வயதிலேயே பரம்பரையாக இந்த நோய் வரும். அந்த குடும்பங்களில் கண்டுபிடிக்கப்பட்ட கோளாறான மனித மரபணுவை எலியின் கருவில் செலுத்தினர். 1995-ம் ஆண்டு அமெரிக்காவில் இப்படி உருவாக்கிய எலியின் மூளையில் அமிலாய்டு படிவு உண்டானது.

1996-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் இன்னொரு வகை எலியை உருவாக்கியது. எலிக்கு மறதி வந்ததை எப்படி கண்டுபிடிப்பது? அதற்கு தண்ணீர் தொட்டி டெஸ்ட் இருக்கிறது. கலங்கலான தண்ணீருக்குள், கண்ணுக்கு தெரியாத மாதிரி ஒரு மேடை இருக்கும். எலியை உள்ளே விட்டால் நீந்தி நீந்தி அந்த மேடையைத் தேடிப்பிடித்து ஏறிக்கொள்ளும். நல்ல எலி இடத்தை ஞாபகம் வைத்து அடுத்த தடவை நேராகப் போய்விடும். மறதி வந்த எலி சுற்றிச்சுற்றி வரும். மரபணு மாற்றிய எலிகள் 3 மாத வயதில் நன்றாகத்தான் இருந்தன. 9, 10 மாதத்தில் வழி தெரியாமல் தடுமாறின.

சாகாத செல்கள்

இங்கேதான் சிக்கல். 1997-ல் அந்த வகை எலிகளில், ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியில் செல்களை எண்ணிப் பார்த்தனர். படிவு இருந்தது, ஆனால் நரம்பு செல்கள் குறையவில்லை. மனிதனிடம் கொத்துக்கொத்தாக சாகும் செல்கள் எலியிடம் சாகவே இல்லை.

2006-ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 மரபணு கோளாறுகளை ஒரே எலியில் சேர்த்தனர். 2 மாதத்திலேயே படிவு வந்தது. மூளையின் சில இடங்களில் செல்களும் குறைந்தன. ஆனாலும் மனிதனுக்கு வரும் டவ் முடிச்சு அந்த எலிக்கு வரவில்லை.

மாத்திரை கொடுத்ததும் திரும்பிய ஞாபகம்

2005-ல் மின்னசோட்டாவில் டவ் புரதத்தை அளவுக்கு மேல் சுரக்கும் எலியை வைத்து ஒரு சோதனை நடந்தது. அந்த மரபணுவுக்கு விஞ்ஞானிகளே ஒரு சுவிட்ச் வைத்திருந்தனர். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தால் சுவிட்ச் ஆப் ஆகிவிடும். அப்படி ஆப் செய்ததும் எலிகளின் ஞாபக சக்தி மேம்பட்டது. செல்கள் மேற்கொண்டு சாவதும் நின்றது. ஆனால் முடிச்சுகள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. அப்படியானால் செல்லைக் கொல்வது முடிச்சு மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது.

இதை நம்பி யாரும் அந்த மாத்திரையை மெடிக்கலில் வாங்கி மறதிக்கு கொடுத்துவிடக் கூடாது. சுவிட்ச் எலிக்கு வைத்தது. மனிதனுக்கு அப்படி எதுவும் கிடையாது.

தடுப்பூசி என்ன ஆச்சு?

1999-ல் எலிகளுக்கு அமிலாய்டு தடுப்பூசி போட்டதில் படிவு குறைந்தது. உலகமே எதிர்பார்த்தது. சுமார் 300 பேருக்கு மனித பரிசோதனை நடந்தது. அதில் 18 பேருக்கு மூளையில் வீக்கம் ஏற்பட்டதால் 2002-ல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. ஊசி போட்டவர்களில் சிலர் பின்னர் இறந்தபோது மூளையைப் பரிசோதித்து, 2008-ல் முடிவு வெளியானது. சிலருக்கு படிவு கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போயிருந்தது. ஆனால் அவர்களும் சாகும்போது கடுமையான மறதியில்தான் இருந்தனர்.

வித்தியாசம் இதுதான். எலிக்கு பெரும்பாலும் செல் சாவதற்கு முன்பே மருந்து தரப்படுகிறது. மனிதனுக்கோ மூளையில் நோய் தொடங்கி 10, 20 வருடம் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. அதற்குள் ஏராளமான செல்கள் போய்விடுகின்றன. போன செல்லைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. மேலும், எலிக்கு வைக்கும் பரம்பரைக் கோளாறு மனித நோயாளிகளில் 100-ல் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை.

அதற்காக எலி ஆராய்ச்சி வீண் என்று சொல்ல முடியாது. அந்த வழியில் வந்த லெகனெமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1,795 பேரிடம் நடந்த சோதனையில், 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் இது ஆரம்ப கட்ட நோயாளிகளுக்கு மட்டும்தான். நோய் குணமாகாது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் காட்டினால்தான் எது என்று தெரியும். ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும், காது கேட்காவிட்டால் மிஷின் வைப்பதும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

"முழுசா குணமாக்குறோம்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம். அடுத்த முறை "எலிக்கு குணமாச்சு" என்ற செய்தியைப் பார்த்தால், மனிதனுக்கு கொடுத்துப் பார்த்தார்களா என்பதை முதலில் கவனியுங்கள்.