சேலம் மறந்த திருமணிமுத்தாறு

ஆற்றங்கரைப் பட்டணங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்கள் ஸ்ரீரங்கத்தைச் சொல்வார்கள், கும்பகோணத்தைச் சொல்வார்கள், மதுரையைச் சொல்வார்கள். சேலத்தை யாரும் சொல்வதில்லை. சேலம் என்றால் மாம்பழம், கைத்தறி, இரும்பு. வெயில் பொறுக்காதபோது ஏறிச் செல்ல ஏற்காடு. "சேலத்தில் ஆறு ஏது?" என்று சேலத்துவாசிகளே கேட்டாலும் ஆச்சரியமில்லை. ஆயினும், அந்தப் புராதன நகரம் ஓர் ஆற்றின் இரு கரைகளிலுந்தான் வளர்ந்தது. திருமணிமுத்தாறு என்பது அதன் திருநாமம். பெயரில் மணியும் உண்டு, முத்தும் உண்டு. இன்று அதன் பாலங்களைக் கடப்பவர்களோ மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள்!

இந்த ஆறு பிறப்பது சேர்வராயன் மலையில். ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேற்பட்ட அதன் உச்சியில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. அங்கே சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து எழுந்தருளியிருக்கிறார்கள். மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரண்டு வரும். அந்தக் குகை காவிரி உற்பத்தியாகும் இடம் வரையில் செல்கிறது என்பது மலைவாசிகளின் நம்பிக்கை. அதைப் பரிகசிப்பானேன்? மலையில் பெய்த மழை திருமணிமுத்தாறாய் இறங்கி, சேலத்தைக் கடந்து, காவிரியில் சென்று கலக்கிறது என்பதைப் பூகோள சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது. மலைத் தெய்வத்தையும் நதித் தெய்வத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வணங்கியவர்கள், மலையில்லாமல் நதியில்லை என்பதை நன்கு அறிந்தவர்கள்.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். நிழல் மரங்களின் கீழ் வளரும் காப்பித் தோட்டம் மழையை மண்ணில் தேக்கி வைக்கும். மரம் வெட்டப்பட்ட சரிவிலோ, பெய்த மழை அன்றைக்கே சேறாக ஓடிவிடும். மறுமாதம் ஓடை வறண்டு கிடக்கும். ஏற்காட்டில் விழும் ஒவ்வொரு மரமும் சேலத்து ஆற்றின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

ஆறு சமவெளிக்கு வந்ததும் அதன் சரித்திரம் ஆரம்பமாகிறது. சுகப்பிரம்ம ரிஷி கிளி வடிவில் பூஜித்ததாக ஐதிகம் கூறும் சுகவனேசுவரர் ஆலயமும், ஆடிப் பண்டிகையில் ஊரையே ஈர்க்கும் கோட்டை மாரியம்மன் கோயிலும் இதன் கரையைச் சேர்ந்தவை. சற்றுத் தெற்கே உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயில். பாரியின் பெண்களுக்கு ஔவைப் பாட்டி அங்கேதான் மணம் முடித்து வைத்தாள் என்று ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு பரமத்தி வேலூர்ப் பக்கத்தில், நஞ்சை இடையாற்றில், காவிரி சங்கமம்.

இத்தகைய ஆற்றை ஊர் எப்படி மறந்தது? 1866-ல் சேலத்தில் நகரசபை ஏற்பட்டது. 1911-ல் பனமரத்துப்பட்டி ஏரி ஊருக்குக் குடிநீர் தந்தது. குழாய் ஜலம் பெரிய நன்மையே. 1917 முதல் 1919 வரையில் நகரசபைத் தலைவராயிருந்த ராஜாஜி, அக்கிரகாரத்துக் குழாய் வேலைக்கு ஹரிஜனர் ஒருவரை நியமித்து, எழுந்த எதிர்ப்புக்கு அசையாமல் நின்றார். குழாயோடு சேர்ந்து சமத்துவமும் தெருவுக்குள் வந்தது. ஆனால், தாகத்துக்கு ஆற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆனபின், ஆற்றின் மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது. வீட்டுச் சாக்கடை, சாயப் பட்டறைக் கழிவு, ஜவ்வரிசி ஆலைக் கழிவு எல்லாவற்றுக்கும் அதுவே வழியாயிற்று.

இதிலுள்ள விபரீதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இன்று சேலம் குடிப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரி ஜலம். நகரம் திருமணிமுத்தாற்றில் விடும் அழுக்கு போய்ச் சேருவதும் அதே காவிரியில். தாயிடம் பால் வாங்கிக் குடித்துவிட்டு அவள் மடியிலேயே குப்பையைக் கொட்டுகிறோம். நடுவிலே, ஆற்றோரத்து விவசாயியின் வயலும் கிணறும் கெடுகின்றன. அவர் செய்த குற்றம் என்ன? ஊருக்குக் கீழே பிறந்தது ஒன்றுதான்!

கரைகளுக்குச் சுவர் எழுப்பத் திட்டங்கள் வந்ததுண்டு. சுவர் வேண்டியதுதான், ஆனால் சாக்கடைக்குச் சுவர் கட்டினால் அது சுவருள்ள சாக்கடையே ஆகும். கழிவு சுத்தி செய்யப்பட்ட பிறகே ஆற்றில் விழ வேண்டும். மலையிலே மரம் நிற்க வேண்டும். இவ்விரண்டும் சர்க்காரால் மட்டும் ஆகிற காரியங்கள் அல்ல.

1920-ல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியாரின் ஊர் இது. 1937, அக்டோபர் 1-ந் தேதி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதல் அமலுக்கு வந்ததும் சேலம் ஜில்லாவில்தான். தேசத்துக்கு வழி காட்டிய ஊருக்குத் தன் ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதா?

நம் குழந்தைகள் கங்கையையும் நைல் நதியையும் தவறாமல் படத்தில் வரைகிறார்கள். அவர்களுடைய சொந்த ஊர் ஆறு எங்கே பிறந்து எங்கே சேருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஏற்காட்டுக்குச் செல்லும் பெற்றோர்கள், ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாமல், "நம் ஊர் ஆறு இந்த மலையிலிருந்துதான் வருகிறது" என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். பிறந்த இடத்தைப் பார்த்த பிள்ளை, ஆற்றில் குப்பையை எறியக் கை கூசும்.